‘குற்றத்தில் முதலிடம்’ என்று செய்தி வந்தால் அதை எப்படிப் படிப்பது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளிவந்த மறுநாள் தொலைக்காட்சிகளில் இந்திய வரைபடம் ஒன்று தோன்றும். ஒரு மாநிலம் சிவப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் இருக்கும். ‘குற்றங்களில் முதலிடம்’ என்று ஒருவர் முழங்குவார். ‘திட்டமிட்ட அவதூறு’ என்று மற்றவர் மறுப்பார். இருவரில் ஒருவரும் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்திருக்க மாட்டார்கள்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் காவல் நிலைய எழுத்தராக, ஊர் வழக்கில் ‘ரைட்டராக’ இருந்து, பிறகு மாவட்ட குற்ற ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். டெல்லியில் அச்சாகும் எண்கள் என்னுடையதைப் போன்ற மேசைகளில்தான் பிறக்கின்றன. எனவே அவற்றை எப்படிப் படிப்பது, எங்கே நம்புவது, எங்கே கையை எடுத்துவிடுவது என்று சொல்கிறேன்.

எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் புகாருடன் நிலையத்துக்கு வருகிறார். முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது புள்ளிவிவரத்தில் ஏறும். தமிழ்நாட்டில் அதற்கு முன்னால் ஒரு படி உண்டு: சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. மனுவைப் பெற்றுக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்பதற்கான சீட்டு அது. விசாரணையில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அடி விழுந்தது உண்மை, கணக்கில் ஏறாததும் உண்மை. பஸ்ஸில் பறிபோன கைப்பேசியை ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதித் தரச் சொல்வதை நீங்களே அனுபவித்திருக்கலாம். திருட்டு என்று எழுதினால் அது ஒரு வழக்கு, தொலைந்தது என்று எழுதினால் வெறும் ஒரு சான்றிதழ்.

பதிவான வழக்குகள் மாதா மாதம் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அங்கிருந்து மாநில ஆவணக் காப்பகம், பிறகு டெல்லி. இந்தப் பாதையில் இன்னொரு வடிகட்டியும் இருக்கிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். வீடு புகுந்து கொள்ளையடித்து ஆளையும் கொன்றிருந்தால், அட்டவணையில் அது கொலை மட்டும்தான்.

ஆக, நீங்கள் பார்ப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல; காவல்துறை எழுதிக்கொண்ட குற்றங்களின் எண்ணிக்கை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டுகளை எண்ணிவிட்டு ஊரில் இத்தனை பேருக்குத்தான் காய்ச்சல் என்று சொல்ல முடியாதல்லவா? இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குற்றம் பெருகுவதும் குற்றப் பதிவு பெருகுவதும் வெவ்வேறு என்று அந்த அறிக்கையே தன் முன்குறிப்பில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் யாரும் திருப்புவதில்லை.

மொத்த எண்ணிக்கையைத் தாண்டிப் போங்கள்

‘அதிக வழக்குகள் உத்தரப் பிரதேசத்தில்’ என்ற செய்தியில் செய்தியே இல்லை. 23 கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தில் எல்லாமே அதிகமாகத்தான் இருக்கும். லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதம் அறிக்கையின் அட்டவணையில் அடுத்தடுத்த நெடும்பத்திகளில் இருக்கும், அதைத் தேடுங்கள். பெண்களுக்கு எதிரான குற்றம் என்றால் லட்சம் பெண்களுக்கு எத்தனை என்று கணக்கிட்டிருப்பார்கள்.

ஆனால் விகிதத்துக்கு மாறியவுடன் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகளின் விகிதம் கேரளத்தில் சுமார் 661. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 172. நாடு முழுவதற்குமான சராசரி 258. அப்படியானால் உத்தரப் பிரதேசத்தைவிடக் கேரளம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆபத்தானதா?

என் மைத்துனர் அப்படித்தான் நம்பினார். அவர் மகளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தபோது, கேரளம் குற்றத்தில் முன்னணி என்று எங்கோ படித்துவிட்டு, “அனுப்பலாமா மச்சான்?” என்று என்னைக் கேட்டார். நான் கொலை அட்டவணையை எடுத்துக் காட்டினேன். அதே 2022இல் கேரளத்தில் 334 கொலைகள், லட்சத்துக்கு 0.9. உத்தரப் பிரதேசத்தில் 3,491, லட்சத்துக்கு 1.5. நாட்டின் சராசரி 2.1. நம் தமிழ்நாடு 1,690 கொலைகளுடன் 2.2இல் நிற்கிறது. “அவள் இங்கேயே இருப்பதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கேரளத்தின் எண் ஏன் அப்படி வீங்குகிறது? கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால்கூட அங்கே வழக்கு எழுதுகிறார்கள். அதுவும் தண்டனைச் சட்டப் பிரிவுதான். கூட்டும்போது கொலையும் ஒன்று, அதுவும் ஒன்று. மக்களும் சட்டம் தெரிந்தவர்கள், புகாரை வாங்க மறுத்தால் விட மாட்டார்கள். எழுதுவதோடு நின்றுவிடுவதும் இல்லை: 2022இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த விகிதம் கேரளத்தில் 96 சதவீதம், மாநிலங்களில் அதுவே உச்சம். அட்டவணையில் இந்த நெடும்பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். அதிக வழக்கும் அதிகக் குற்றப்பத்திரிகையும் ஒன்றாக இருந்தால், அங்கே காவல்துறை வேலை செய்கிறது என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு.

மொத்தத்துக்குள் என்ன கலந்திருக்கிறது?

இதற்கு நம் மாநிலமே நல்ல பாடம். 2019இல் தமிழ்நாட்டில் தண்டனைச் சட்ட வழக்குகள் 1,68,116. 2020இல் 8,91,700. ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல். தமிழர்கள் திடீரென்று கொள்ளையர்களாகிவிட்டார்களா? கொரோனா ஊரடங்கு. வெளியே வந்தவர்கள் மீது 188ஆம் பிரிவில், அதாவது அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்று, கட்டுக்கட்டாக வழக்கு எழுதினார்கள். நாடு முழுவதும் இந்தப் பிரிவின் வழக்குகள் 2019இல் 29,469ஆக இருந்து 2020இல் 6,12,179 ஆயின. காய்கறி வாங்கப் போனவரும் அரிவாளால் வெட்டியவரும் மொத்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான்.

எனவே தண்டனைச் சட்டத்தோடு சிறப்புச் சட்ட வழக்குகளையும் கூட்டிய மொத்தத்தை வைத்து யாராவது தரவரிசை போட்டால் அதை அப்படியே மூடிவிடுங்கள். சிறப்புச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குஜராத்தில் 1960இல் மாநிலம் உருவான நாள் முதல் மதுவிலக்கு. பீகாரில் 2016 ஏப்ரலிலிருந்து. அங்கே ஒரு பாட்டில் வைத்திருப்பது குற்றம். இங்கே அரசே கடை நடத்துகிறது.

டெல்லி எப்போதும் பட்டியலின் தலையில் நிற்பதற்கும், மொத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது ஒரு காரணம். அது பெயருக்குத்தான் ஒன்றியப் பிரதேசம், உண்மையில் ஒரு பெருநகரம். அதைக் கிராமங்கள் நிறைந்த மாநிலத்தோடு ஒப்பிடுவதே பிழை. மேலும் 2015 முதல் அங்கே வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே முதல் தகவல் அறிக்கை பதியலாம். காப்பீட்டுப் பணம் வாங்க அந்தத் தாள் வேண்டுமே! நிலையத்துப் படி ஏறாமல் கிடைக்கிறது என்றால் எல்லாரும் பதிவார்கள். டெல்லி வழக்குகளில் பெரும்பகுதி திருட்டுதான்.

ஒளிக்க முடியாத குற்றத்தைப் பாருங்கள்

பிணத்தை ரசீது கொடுத்து அனுப்ப முடியாது. கிராம நிர்வாக அலுவலர் வருவார், பிரேதப் பரிசோதனை நடக்கும், பத்திரிகைக்காரர் வாசலில் நிற்பார். அதனால்தான் மாநிலங்களை ஒப்பிட நேர்ந்தால் நான் முதலில் கொலை விகிதத்தைப் பார்க்கிறேன். அடுத்த இடம் வாகனத் திருட்டுக்கு. காப்பீட்டுக்காரர்கள் அதைப் பதிய வைத்துவிடுவார்கள்.

கொலையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வரதட்சணை மரணம் தனித் தலைப்பு. கொலை எண்ணிக்கையில் சேராது. 2022இல் நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேல். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 2,100க்கும் மேல். அதைக் கொலையோடு கூட்டிப் பாருங்கள், அந்த மாநிலத்தின் 1.5 ஏறக்குறைய 2.4 ஆகிவிடும். தமிழ்நாட்டில் வரதட்சணை மரணங்கள் நூறைத் தொடுவதில்லை, அதனால் நம் 2.2 அசையாது. இருவரின் இடமும் மாறிவிட்டது, கவனித்தீர்களா? மைத்துனரிடம் சொன்னதற்குப் பின்னொட்டாக இதையும் சொன்னேன்.

சிறிய மாநிலங்களில் விகிதமும் துள்ளும். சிக்கிமில் ஆறேழு லட்சம் பேர்தான். ஒரே ஒரு கொலை கூடினால் விகிதம் 0.15 அளவுக்கு ஏறிவிடும். உத்தரப் பிரதேசம் அதே அளவு ஏறச் சுமார் 350 கொலைகள் கூட வேண்டும். இத்தகைய இடங்களுக்கு ஓராண்டு எண்ணை விட்டுவிட்டு ஐந்தாண்டுச் சராசரியைப் போட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு எதிரான குற்றம்: தலைகீழாகப் படிக்க வேண்டிய அட்டவணை

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம் இது. நாட்டில் பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012இல் 24,923. அடுத்த ஆண்டு 33,707. நடுவில் நடந்தது என்ன? 2012 டிசம்பரில் டெல்லி கொடூரம், நாடு தழுவிய கொந்தளிப்பு, 2013இல் சட்டத் திருத்தம். இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறை என்று பிரிவு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆண்கள் ஓராண்டில் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. சொல்ல முடியாதிருந்த பெண்கள் சொன்னார்கள், எழுத மறுத்தவர்கள் எழுதினார்கள்.

ராஜஸ்தானிலும் இதே கதைதான். 2019இல், நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலேயே வழக்குப் பதியலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். முந்தைய ஆண்டு 4,335ஆக இருந்த வன்கொடுமை வழக்குகள் அந்த ஆண்டு 5,997 ஆயின. பிறகு பல ஆண்டுகள் ‘முதலிடம்’ என்ற பழி. கதவைத் திறந்து வைத்தவருக்கு இதுதான் பரிசு என்றால், அடுத்த முதலமைச்சர் எவர் திறப்பார்? தரவரிசையின் உண்மையான கெடுதல் இதுதான் என்பேன். உயர்ந்தால் வசை, குறைந்தால் பாராட்டு என்று வந்துவிட்டால், குறைப்பதற்குச் சுலபமான வழி பேனாவை மூடி வைப்பது. மேலதிகாரி வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. போன ஆண்டு இதே மாதத்தை விட உங்கள் நிலையத்தில் ஏன் கூடுதல் என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு கேள்வி போதும், ரைட்டருக்குப் புரிந்துவிடும்.

இந்த அட்டவணையைச் சரிபார்க்கக் காவல்துறைக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அமெரிக்காவில் 1973 முதல் வீடு வீடாகப் போய் ‘இந்த ஆண்டு உங்களுக்கு எதிராகக் குற்றம் நடந்ததா, புகார் கொடுத்தீர்களா’ என்று கேட்கிறார்கள். அப்படி ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பு நம்மிடம் இல்லை. அதற்குப் பதிலாக உதவக்கூடியது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதன் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. திருமணமான பெண்களிடம், கணவனால் வன்முறைக்கு ஆளானதுண்டா என்று தனியே கேட்டார்கள். நாட்டளவில் 29 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். கர்நாடகத்தில் 44, பீகாரில் 40, தமிழ்நாட்டில் 38, கேரளத்தில் 10.

இப்போது காவல்துறைக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 2022இல் பெண்களுக்கு எதிரான குற்றம், லட்சம் பெண்களுக்கு: நாடு 66, கேரளம் 82, தமிழ்நாடு 24. பீகார் தேசிய சராசரியில் பாதி. வீட்டுக்குள் கேட்டால் நாம் மோசம், நிலையத்தில் கேட்டால் நாம் உத்தமர். இரண்டும் ஒன்றையே அளப்பவை அல்ல. நிலையக் கணக்கில் தெருவில் நடந்ததும் கடத்தலும் உண்டு. கணக்கெடுப்பு கணவனைப் பற்றி மட்டும் கேட்டது. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. நம் அனைத்து மகளிர் காவல் நிலையங்களின் திண்ணையில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். கணவன் மனைவி இருவரையும் அழைத்து, இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்து, புத்திமதி சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அது சில குடும்பங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது; சில பெண்களை மறுபடி அதே அடிக்கு அனுப்பியும் இருக்கிறது. எப்படியானாலும் அட்டவணையில் ஏறாது. அந்தக் கணக்கெடுப்பின்படி வன்முறைக்கு ஆளானவர்களில் 14 சதவீதத்தினர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள்; காவல்துறை வரை வந்தவர்கள் அதில் மிகச் சிலர்.

அதற்காகக் குறைந்த எண் எல்லாமே மூடி மறைத்தது என்று கிளம்பிவிடாதீர்கள். நாகாலாந்தில் 2022இல் பெண்களுக்கு எதிராகப் பதிவானவை 49 வழக்குகள் மட்டுமே. கிராம சபைகளே பல விவகாரங்களை வழக்காற்றுச் சட்டப்படி தீர்த்துவிடும் மாநிலம் அது, எனவே எனக்கு முதலில் சந்தேகம்தான். ஆனால் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் அங்கே 6 சதவீதம்தான், நாட்டிலேயே மிகக் குறைவான அளவுகளில் ஒன்று. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வகுக்கும் எண்ணையும் கேளுங்கள்

விகிதம் என்றால் கீழே மக்கள்தொகை இருக்கிறது. நம்மிடம் உள்ள கடைசிக் கணக்கெடுப்பு 2011. அதற்குப் பிந்தியவை மதிப்பீடுகள். பெருநகரங்களின் பட்டியலிலோ மதிப்பீடுகூட இல்லை, 2011இன் எண்ணையே வைத்து வகுத்து வந்தார்கள். வேகமாக வளர்ந்த ஊருக்குப் பழைய மக்கள்தொகையை வைத்து வகுத்தால் விகிதம் தானாக உயரும். மெதுவாக வளர்ந்த ஊர் பாதுகாப்பான ஊராகத் தெரியும். ‘நாட்டிலேயே பாதுகாப்பான நகரம்’ என்று கொல்கத்தாவுக்குக் கிடைக்கும் பாராட்டில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அடிக்குறிப்பையும் பாருங்கள்: 2019 அறிக்கையில் மேற்கு வங்கத்தின் எண்கள் வந்து சேராததால் 2018இன் எண்களையே போட்டிருந்தார்கள். தரவரிசை போட்ட எவரும் அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆபத்தைத்தான் கேட்கிறீர்கள் என்றால்

ஓர் ஊருக்குக் குடிபோகலாமா என்பது உங்கள் கேள்வியானால் மாநிலத்தின் தரவரிசை உங்களுக்குப் பயன்படாது. மாவட்ட அட்டவணைகள் அதே காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன, அங்கே இறங்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும்: கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா, நிலையம் எவ்வளவு தூரம். யாரைப் பார்த்துப் பயப்படுவது என்பதையும் யோசியுங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். எந்த மாநிலம் என்ற கேள்விக்கு அதில் பெரிய வேலை இல்லை.

உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால், குற்ற அட்டவணையை மூடிவிட்டுச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையைத் திறங்கள். 2022இல் நாட்டில் 28,522 கொலைகள்; சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 1,690 கொலைகளுக்கு எதிரே 17,884 சாலை மரணங்கள். மைத்துனர் மகளுக்கு நான் கொடுத்தது தலைக்கவசம்.

கடைசியாக ஒன்று. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்த ஆண்டின் வழக்குகளில் பாதி பழைய பிரிவுகளிலும் பாதி புதிய பிரிவுகளிலும் இருக்கும். சில தலைப்புகள் பிரிந்தும் சில புதிதாகவும் வந்துள்ளன. 2023ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று யாராவது பேசினால், எந்தப் பிரிவை எந்தப் பிரிவோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். கொலை மட்டும் அப்படியே ஒப்பிடலாம்: பழைய 302, புதிய 103.